முகம் மாறியதா குற்றம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய குடும்ப இசைப்படங்களின் தொடர்ச்சிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ் ஏற்ற வேடத்தில், தொடர்ச்சிக்கு நடிகை எமிலி பிளண்டை நிறுத்தியதே தவறு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதல் 'மேரி பாப்பின்ஸ்' வந்தது 1964இல், தொடர்ச்சி 2018இல். அன்றைய சிறுவன் மைக்கேல் இதில் மனைவியை இழந்து, மூன்று குழந்தைகளோடு அல்லாடுகிறான். அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் மாயச் செவிலி மேரிக்கு மட்டும் வயதே ஏறுவதில்லை. அந்த வேடத்தை எண்பதைக் கடந்த ஜூலியிடம் எப்படிக் கொடுப்பது? கணினி வித்தையால் சுருக்கங்களை அழித்திருந்தால் இதே கட்டுரையாளர் இரண்டு மடங்கு கோபப்பட்டிருப்பார். தலைகாட்டிவிட்டுப் போகும் சிறு வேடத்தைக்கூட ஜூலி ஏற்கவில்லை. இது எமிலி பிளண்டின் படமாகவே இருக்கட்டும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டதாக இயக்குநர் ராப் மார்ஷல் சொல்லியிருக்கிறார். உரியவரே விட்டுக்கொடுத்த பிறகு நமக்கென்ன வழக்கு?

ஜூலியின் திரைவாழ்வே இப்படியொரு மாற்றத்தில்தான் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 'மை ஃபேர் லேடி' மேடை நாடகத்தில் நாயகி எலைசாவாகப் பெயர் வாங்கியவர் அவர். படமாக்கியபோது வேடம் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் போயிற்று. பாடல்களில் பெரும்பகுதியை அவருக்காகப் பின்னணிப் பாடகி மார்னி நிக்சன் பாடினார். கைநழுவிய அந்த வாய்ப்பால் ஓய்வாக இருந்த ஜூலி மேரி பாப்பின்ஸ் ஆனார், ஆஸ்கரும் வாங்கினார்.

எமிலி பிளண்ட் அவரை நகலெடுக்கவில்லை. வெடுக்கென்ற பேச்சு, கண்ணாடியில் தன்னையே ரசிக்கும் கர்வம் எல்லாம் மூலக்கதை எழுதிய பி. எல். டிராவர்ஸின் புத்தகத்து மேரிக்கு நெருக்கமானவை. தாயில்லாப் பிள்ளைகளைப் படுக்க வைத்து, தொலைந்தவை போய்ச்சேரும் இடத்தைப் பற்றி அவர் பாடும் தாலாட்டைக் கேளுங்கள். குரலை உயர்த்தவே மாட்டார். கண்டிப்பான செவிலியின் தொனியிலேயே ஆறுதலும் வந்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

என் புகார் வேறு. மற்ற இடங்களில் பழைய படத்தின் அச்சிலேயே புதிய பாடல்களை வார்த்திருக்கிறார்கள். அன்று கூரைமேல் ஆடியவர்கள் புகைபோக்கி துடைப்பவர்கள். இன்று தெருவில் ஆடுபவர்கள் விளக்கேற்றுபவர்கள். அன்று சிரித்துச் சிரித்து மேலே மிதந்த மாமா. இன்று வீடே தலைகீழாகும் உறவுக்காரி. அன்று முடிவில் பட்டம், இன்று பலூன். இப்படி அடிக்கு அடி பழையதை நினைவூட்டினால், ரசிகன் ஒப்பிடாமல் என்ன செய்வான்? பழி மட்டும் நடிகை தலையில் விழுகிறது. முதல் படத்துக்கு ஷெர்மன் சகோதரர்கள் போட்ட மெட்டுகள் அரை நூற்றாண்டாக மனத்தில் ஊறியவை. அவற்றோடு மோதவிட்டால் எந்தப் புது மெட்டும் திணறத்தான் செய்யும்.

இதற்கு நேர் எதிரான கோலம் 1985இல் வந்த 'ரிட்டர்ன் டு ஆஸ்'. இது 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' கதையின் தொடர்ச்சி. அந்த 1939 படத்தில் நாயகி டோரத்தியாக நடித்தபோது ஜூடி கார்லண்டுக்கு 16 வயது. தொடர்ச்சியில் சிறுமி ஃபெரூசா பால்க் நடித்தார். புத்தகத்துக் குழந்தைக்கு வயதில் இவரே பொருத்தம். ஆனால் பாட்டையே எடுத்துவிட்டார்கள்! 'ஓவர் தி ரெயின்போ' என்று வானவில்லைப் பாடிய டோரத்தியைத் தேடிப் போனவர்களுக்கு ஏமாற்றம், படமும் வசூலில் படுத்தது. அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம்.

பழைய நடிகர்களை அழைப்பதில் தவறில்லை. முதல் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நடித்த டிக் வான் டைக், தொடர்ச்சியில் 91 வயதில் மேசைமேல் ஏறி ஆடியதை யார் மறப்பார்கள்? ஆனால் அது விருந்தாளிக்குரிய இடம். படத்தைத் தாங்கும் வேடம் புதியவருடையது, அவருக்கென்று புதிய பாட்டு வேண்டும். உங்கள் கட்டுரையில் எமிலியின் தொப்பிக்கு ஒரு பத்தி இருந்தது. அந்தத் தாலாட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த தொடர்ச்சி வரும்போது பாட்டைக் கேட்டு எழுதக்கூடிய ஒருவரை விமர்சனத்துக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி