புதைத்த கேபிளை யார் பார்த்துக்கொள்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களுக்கு அரசுச் செலவில் அதிவேக இணையம் கொண்டுபோவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கிலோமீட்டர் கேபிள் புதைத்தார்கள், எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்றெல்லாம் விவரமாக இருந்தது. புதைத்த கேபிள் அறுந்தால் யார் வந்து சரிசெய்வார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஃபைபர் கேபிளுக்கு ஸ்ப்ளைஸ் போடும், அதாவது இழைகளின் முனைகளை ஒட்டும் வேலையிலேயே இருபது வருடங்களுக்கு மேல் இருந்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஃபைபர் என்பது ஒளியாகத் தகவலைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை. ஒரு இழையின் தடிமன் 125 மைக்ரான். ஏறக்குறைய தலைமுடி அளவு. சாலை அகலப்படுத்தும்போதோ குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும்போதோ பொக்லைன் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அத்தனை இழையும் அறுந்துவிடும். சரி, அறுந்ததை ஒட்டுவது பெரிய வேலையா என்றால், இல்லை. ஓடிடிஆர் என்ற கருவி இழைக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து எத்தனையாவது மீட்டர் அருகே அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். அங்கே போய்த் தோண்டி, இரண்டு முனைகளையும் சீவி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்தால் மின்பொறியில் உருகி ஒன்றாகும். 24 இழை கேபிளைப் பழகிய கை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும்.

நாள்கணக்கில் இழுப்பது வேறு விஷயங்கள். அறுந்தது முதலில் யாருக்காவது தெரியவேண்டும். அது யார் பொறுப்பு என்று முடிவாகவேண்டும். பள்ளம் தோண்டச் சாலைத் துறையிடம் அனுமதி வாங்கவேண்டும். மெஷின் இருக்கும் ஆளுக்கு வண்டி கிடைக்கவேண்டும். கேபிள் புதைத்த ஒப்பந்ததாரர் பில் வாங்கிக்கொண்டு போய் வருடக்கணக்காகியிருக்கும். பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் எழுதப்படாத திட்டத்தில் இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. அதுவரை ஊரில் இணையம் இருக்காது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, கேபிள் போகும் வடிவம். செலவைக் குறைக்க ஒரு மையத்திலிருந்து ஊர் ஊராக ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போவார்கள். மூன்றாவது ஊருக்கு முன்னால் அறுந்தால் அதற்கப்பால் இருக்கும் எல்லா ஊரும் இருட்டு. அதே கேபிளை வளையமாகச் சுற்றி மறுபடியும் மையத்துக்கே கொண்டுவந்துவிட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் தகவல் மறுபக்கம் சுற்றி வந்து சேரும். ஒட்டுகிற ஆள் வரும்வரை ஊருக்கு இணைப்பு இருக்கும். கேபிள் அதிகம் பிடிக்கும்தான், ஆனால் அந்தக் கூடுதல் செலவு வீண்போகாது.

இந்தியாவின் பாரத்நெட் இதற்கு நல்ல உதாரணம். சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு நொடிக்கு 100 மெகாபிட் வேகம் என்ற இலக்கோடு 2011 அக்டோபரில் அனுமதி பெற்ற திட்டம் அது. பெருமளவு நேர்கோட்டு வடிவத்தில்தான் போனது. 2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடி மதிப்பில் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோதுதான் வளைய வடிவமும் பத்தாண்டுப் பராமரிப்பும் திட்டம் முழுவதற்குமாக உள்ளே வந்தன. இரண்டும் மிகச் சரியான முடிவு என்பேன். ஆனால் இடையில் போனது பன்னிரண்டு வருடம். அன்று ஆறாம் வகுப்பில் இருந்த குழந்தை இதற்குள் கல்லூரிப் படிப்பையே முடித்திருக்கும்.

பழுது பார்க்கப் போன ஒரு கிராமத்தை என்னால் மறக்கமுடியவில்லை. கேபிளில் ஒரு குறையும் இல்லை, ஒளி சரியாக வந்துகொண்டிருந்தது. ஊரில் கேபிள் வந்து சேரும் கருவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். மின்சாரம் நின்று நின்று வரும் இடத்தில் பேட்டரி இல்லாமல் அந்தக் கருவி என்ன செய்யும்? மாற்றுவதற்கு யாரிடமும் பணம் இல்லை, உத்தரவும் இல்லை. ஆனால் பதிவேட்டில் அது ‘இணைக்கப்பட்ட கிராமம்’. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், “இனிமே வருமாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எண்ணுகிற முறை தவறாக இருந்தால் எவ்வளவு பணமும் தவறான இடத்துக்குத்தான் போகும். அமெரிக்காவில் நெடுங்காலம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வகுத்த சிறு பகுதி ஒன்றில் ஒரே ஒரு இடத்துக்கு இணையம் கிடைத்தாலும் அந்தப் பகுதி முழுவதற்கும் கிடைப்பதாகக் கணக்கு வைத்திருந்தார்கள். கிராமப்புறத்தில் அப்படி ஒரு பகுதி மிகப் பெரிதாக இருக்கும். விடுபட்ட வீடுகள் வரைபடத்தில் தெரியவே இல்லை. 2020-ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டடமாகக் குறிக்கும் வரைபடத்தை 2022 நவம்பரில் வெளியிட்டார்கள். 2021-ல் ஒதுக்கிய 4,245 கோடி டாலரை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க அந்த வரைபடம்தான் அடிப்படை ஆனது. வீடு வீடாக எண்ணுவது அலுப்பான வேலை. அப்படி எண்ணாத எந்த அரசின் சதவீதத்தையும் நான் நம்பமாட்டேன்.

அவசரச் சிக்கனம் பற்றியும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியா 2009-ல் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு நேரடி ஃபைபர் என்று அறிவித்தது. 2013-ல் ஆட்சி மாறியபின், பல இடங்களில் வீட்டுக்கு வரும் கடைசித் துண்டுக்குப் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியையே பயன்படுத்துவது என்று மாற்றினார்கள். 2020-ல் அதே செம்புக்குப் பதில் ஃபைபர் போடப் புதிதாகப் பணம் ஒதுக்கவேண்டி வந்தது. மலை உச்சியிலும் காட்டுக்குள்ளும் இருக்கும் தனி வீடுகளுக்குச் செயற்கைக்கோளோ வயர்லெஸ்ஸோ போதும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் ஊருக்கு ஃபைபரைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் இன்னொரு முறை தோண்டத்தான் போகிறோம்.

அப்புறம், ஆள். ஒவ்வொரு சில ஊர்களுக்கும் சேர்த்து இரண்டு இளைஞர்களுக்கு ஸ்ப்ளைசிங் கற்றுக்கொடுத்து, ஒரு மெஷினையும் கையில் கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுங்கள். அடிப்படை வேலையைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம், நானே பலருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011-ல் கிராமத்தார் தாங்களே பங்குப் பணம் போட்டு ஒரு இணைய அமைப்பைத் தொடங்கினார்கள். விவசாயிகள் தங்கள் வயல் வழியாகக் கேபிள் போக இலவசமாக இடம் கொடுத்தார்கள், ஊர்க்காரர்களே பள்ளம் வெட்டினார்கள், நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் பண்ணை வீடுகளுக்கு வந்தது. எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் புதைத்ததே அவர்கள்தான். அரசுப் பணம் வரும் இடத்திலும் இந்த அறிவை ஊருக்குள்ளேயே தங்கவைக்க முடியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்திட்டம் பற்றி எழுதும்போது, உங்கள் நிருபர் கேபிளின் நீளத்தைக் கேட்பதோடு நிற்கவேண்டாம். கடைசியாக அறுந்தது எப்போது, எத்தனை மணி நேரத்தில் சரியானது, பெட்டியின் பேட்டரியைக் கடைசியாக யார் மாற்றினார்கள் என்று ஊருக்குள் போய்க் கேட்டு, அந்தப் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபைபர் கேபிள் பணியாளர் ஒருவர்