ஆறாவது வாரத் தடுப்பூசி நாளில் குழந்தையின் கழுத்தையும் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பிறவிக் கழுத்துக் கோணலுடன் வரும் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். இக்குறைக்கான அறுவை சிகிச்சை நம் மாநிலத்தில் கிடைக்கவில்லை என்பது என் முறையீடு அன்று. தொடக்கத்திலேயே கண்டிருந்தால் கத்தியே படாமல் சரியாகியிருக்கக் கூடிய குழந்தைகள் அறுவை அரங்கு வரை வந்துவிடுகிறார்கள். அறுவை தேவைப்படும் குழந்தைகளோ முகமும் கோணிய பிறகு வருகிறார்கள். இவ்விரண்டையும் தடுக்க முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

காதின் பின்புற எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசை ஒரு பக்கத்தில் நாராக இறுகிக் குறுகும்போது, தலை அப்பக்கம் சாய்ந்து, மோவாய் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. பிட்டம் முதலாகப் பிறந்த குழந்தைகளிடமும் கடினமான பிரசவத்தில் பிறந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பிறந்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அத்தசையில் கெட்டியான கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படலாம். சில மாதங்களில் அது தானாகவே மறைந்துவிடும். கட்டி கரைந்ததும் குறையும் தீர்ந்தது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். தசையின் இறுக்கம் மட்டும் சில குழந்தைகளிடம் அப்படியே தங்கிவிடுகிறது.

ஊர்ப்புறங்களில் இதை உரம் விழுந்ததாகக் கருதிச் சேலையில் இட்டு உருட்டுவதும் முறத்தில் புரட்டுவதும் இன்றும் நடக்கிறது. பாட்டிமார்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. குழந்தை ஒரு பக்கமே திரும்பிப் படுப்பதையும், ஒரு மார்பில் மட்டும் பால் குடிக்க மறுப்பதையும் முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தாம். அந்தக் கவனிப்பைக் கேட்டுக்கொள்ள ஒரு செவிலியர் இருந்தால் போதும்.

மூன்று மாதத்துக்குள் தசை நீட்சிப் பயிற்சி தொடங்கிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அறுவையின்றியே குணமடைகிறார்கள். வலப்பக்கத் தசை இறுகியிருந்தால் தலையை இடத்தோள் பக்கம் மெல்லச் சாய்த்து, மோவாயை வலப்பக்கம் திருப்பும் பயிற்சி அது. தாய்க்கு முறையாகக் கற்றுக்கொடுத்தால் ஒவ்வொரு முறை அணையாடை மாற்றும்போதும் அவரே செய்துவிடலாம்.

ஓராண்டு கடந்தும் சாய்வும் திரும்ப இயலாமையும் நீடித்தால் அறுவை சிகிச்சை வேண்டும். காறை எலும்புக்குச் சற்று மேலே தோல் மடிப்பை ஒட்டிச் சிறிதாகக் கீறி, இறுகிய தசையின் கீழ் முனையை விடுவிக்கிறார்கள்; வயது கூடிய பிள்ளைகளுக்கும் இறுக்கம் மிகுந்தவர்களுக்கும் காதின் பின்புற முனையையும் சேர்த்து விடுவிக்க நேரிடுகிறது. தோளை உயர்த்தும் நரம்பு அருகிலேயே ஓடுவதால் பழகிய கை தேவை. ஏறத்தாழ ஐந்து வயதுக்கு மேல் முகக் கோணல் திருந்தும் வாய்ப்பு குறைகிறது. ஆனாலும் பதின்வயதில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் கழுத்து நன்றாகத் திரும்புகிறது. ஆகவே 'இனிப் பயனில்லை' என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பலாகாது.

கழுத்துச் சாய்வு எல்லாம் தசையால் வருவதும் அன்று. 1912-இல் கிளிப்பெல், ஃபெயில் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த, கழுத்து முள்ளெலும்புகள் ஒட்டிப் பிறக்கும் நிலையில் தசையை அறுப்பதால் பயனில்லை; அங்கே சிறுநீரகத்தையும் செவித்திறனையும் சோதிப்பதே அவசரம். கண்தசைக் குறையாலும் குழந்தை தலையைச் சாய்க்கும். தசையில் இறுக்கமே இல்லாத குழந்தையின் சாய்வை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. சிறார் பரிசோதனைத் திட்டத்தின் பிறவிக் குறைகள் பட்டியலில் வளைபாதமும் இடுப்பு மூட்டு விலகலும் உள்ளன. கழுத்துக் கோணல் இல்லை. இடுப்பு மூட்டுக் குறை இக்குழந்தைகளில் சிலருக்குச் சேர்ந்தே வருவதால், கழுத்தைப் பார்ப்பவர் இடுப்பையும் பார்த்துவிடலாம். ஒன்றிய அரசின் பட்டியல் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறாவது வாரத் தடுப்பூசிக்காகப் புதன்கிழமைகளில் வரும் குழந்தையின் தலையை இருபுறமும் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, தாய் சேய் நல அட்டையில் அதற்கென ஒரு கட்டம் சேர்த்து, ஐயமுள்ள குழந்தையை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புமாறு சுற்றறிக்கை ஒன்று வெளியிடக் கோருகிறேன்.

அறுவைக்குப் பிந்திய மாதங்கள்தாம் எனக்குப் பெரும் கவலை. கழுத்துப் பட்டையும் பயிற்சியும் தொடராவிட்டால் விடுவித்த தசை மீண்டும் இறுகும். கூலி வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் நகரத்துக்கு அலைய எல்லாப் பெற்றோராலும் முடிவதில்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர்கள் முதியோரின் வீடுகளுக்கே சென்று பயிற்சி அளிக்கிறார்கள். அவர்களின் பயணப் பட்டியலில் இக்குழந்தைகளின் வீடுகளையும் சேர்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். குழந்தைகளுக்கான பயிற்சி முறையை அவர்களுக்குக் கற்றுத்தர என்னைப் போன்றோர் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை இயன்முறை மருத்துவர் ஒருவர்