இல்லத்துப் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ்: சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் தென் மாவட்டங்களில் உள்ள குழந்தைகள் இல்லங்களுக்கு வேன் வேனாக ஆட்கள் வருவார்கள். சென்னை, பெங்களூரு சபைகளின் வாலிபர் ஐக்கியங்கள் வரும். வெளிநாட்டிலிருந்து ஊழியப் பயணமாகவும் குழுக்கள் வரும். எல்லோரும் அன்போடுதான் வருகிறார்கள். ஆனால் 10ஆம் தேதியிலிருந்து 23 வரை நெரிசல். 25 அன்று பல இல்லங்களில் வாசல் வெறிச்சோடிக் கிடக்கும். இதை இந்த ஆண்டே சரிசெய்ய முடியும் என்பதால் எழுதுகிறோம்.

இல்லத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ பாட்டியோ இருக்கிறார்கள். வறுமையால் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டார் வந்து அழைத்துப் போய்விடுவார்கள். பண்டிகை அன்று இல்லத்தில் மிஞ்சுவது போக இடமே இல்லாத சில பிள்ளைகள். அறுபது பேருக்கு என்று கணக்கிட்டு 24ஆம் தேதி வந்து இறங்கினால் அங்கே பன்னிரண்டு பேர் இருப்பார்கள். முன்னதாக வந்தாலோ பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் நேரம் பாழாகும். ஆகவே நவம்பரிலேயே இல்லப் பொறுப்பாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 25, 26 தேதிகளில் எத்தனை பேர் இருப்பார்கள்? வேறு எந்தெந்தக் குழு என்றைக்கு, என்ன கொண்டுவருகிறது? மற்றதெல்லாம் இந்தப் பதிலைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும்.

சாப்பாட்டில்தான் அதிகம் பிழை நடக்கிறது. விடியற்காலை நகரத்தில் சமைத்து, அண்டாவை மூடி, மூன்று மணி நேரம் வேனில் கொண்டுவந்து, ஜெபமும் வரவேற்புரையும் முடிந்து இரண்டு மணிக்குப் பரிமாறும் பிரியாணி ஆபத்தானது. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நின்றால் கிருமி பெருகும். அது விடும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அன்றிரவு வாந்தி எடுக்கும் பிள்ளைகளைக் கழுவித் துடைப்பவர் இல்லத்து அக்கா. ஐம்பது பேருக்கு 5 கிலோ சீரகச் சம்பா, 6 கிலோ கோழி, மற்றச் சாமான்களை வாங்கிக்கொடுத்து, கூலிக்கு ஒரு சமையல்காரரையும் அமர்த்தி, இல்லத்து அடுப்பிலேயே சமைக்கச் சொல்லுங்கள். கேக் ஆளுக்கு 80 கிராம் போதும். சமையலம்மாவையும் காவலரையும் சேர்த்து நாலேகால் கிலோ. அதற்குமேல் வாங்கினால் வீண்.

இதைவிட நல்ல வழி, பலகாரத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்வது. முந்திரிக்கொத்து இதற்கென்றே அமைந்த பலகாரம். வறுத்து அரைத்த பாசிப்பயறு மாவு 1 கிலோ, வெல்லம் முக்கால் கிலோ, வறுத்த தேங்காய்த்துருவல் ஒரு மூடி, எள், ஏலக்காய். இதில் நெல்லிக்காய் அளவில் எண்பது, தொண்ணூறு உருண்டை வரும். உருட்டுவது பிள்ளைகள் வேலை. எண்ணெய்ச் சட்டி பெரியவர்கள் பக்கம், பிள்ளைகள் நெருங்காத இடத்தில். பாகு பதம் தவறினால் உருண்டை உதிரும். உருண்டையை முக்கிப் பொரிக்கும் பச்சரிசி மாவுக் கரைசல் நீர்த்துப்போனால் எண்ணெயில் பிரிந்துவிடும். இரண்டு மணி நேரம் கைவேலையாக இருக்கும்போது பிள்ளைகள் தானாகப் பேசுவார்கள். மேடை போட்டு எந்த நிகழ்ச்சி நடத்தினாலும் அந்தப் பேச்சு வராது.

உடை வாங்குகிறவர்கள் வயதை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். இல்லத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். உயரமும் மார்பளவும் எடுத்த பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வோர் அளவிலும் ஒன்றிரண்டு உபரி வாங்குங்கள். எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்தால் மலிவுதான். ஆனால் ஊருக்குள் நடந்தால் 'ஹோம் பிள்ளைகள்' என்று முத்திரை குத்தும் உடை அது. நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். புது உள்ளாடை, வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு நாப்கின், தேங்காயெண்ணெய், போர்வை ஆகியவைதான் எப்போதும் பற்றாக்குறை. பழைய துணி வேண்டவே வேண்டாம்.

பரிசை மேடையில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். காப்பாளரிடம் ஒப்படைத்தால் இரவில் ஒவ்வொரு படுக்கையிலும் வைத்துவிடுவார். பராமரிப்பிலுள்ள பிள்ளையின் அடையாளம் தெரியும்படி படமோ செய்தியோ வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74இன்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றிவிடும்.

"அப்பா என்ன ஆனார்?" என்று கேட்காதீர்கள். "அடுத்த மாதம் வருவேன்" என்று வராதவர் சொல்லாதீர்கள்; அந்தப் பிள்ளை நாள் எண்ணிக்கொண்டிருக்கும். எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துப் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கண்டு சின்னப் பிள்ளைகள் அலறுவார்கள். அவர்கள் கண்முன்னேயே வேடம் போட்டால் பயப்படமாட்டார்கள். தேவசெய்தி பதினைந்து நிமிடம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. இந்து, முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். பரிசைக் கையில் வைத்துக்கொண்டு "யார் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள், கை உயர்த்துங்கள்" என்று கேட்பது நற்செய்தி அல்ல. உணவும் உடையும் தருகிறவரிடம் ஒரு பிள்ளையால் எப்படி மறுக்க முடியும்?

வெளிநாட்டுக் குழுக்களுக்கு: சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்ய அனுமதி இல்லை. வெளிநாட்டுப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகவும் கூடாது. அதைப் பெற இல்லத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அது பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்துசேர வேண்டும். எந்தக் குழுவாக இருந்தாலும், அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 41இன்படி பதிவு பெற்றதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

1895இல் இந்தியா வந்து ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல், 1951இல் டோனாவூரில் கண்மூடும்வரை தாய்நாடு திரும்பவில்லை. எல்லோராலும் அப்படித் தங்க முடியாது. ஆனால் பயணச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கலாம். பள்ளி திறக்கும் ஜூனில் நோட்டு, காலணி, சீருடைத் தையல்கூலி என்று இல்லம் திணறும்போது யாரும் வருவதில்லை. இன்னொன்றும் செய்யலாம். வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விட்ட தாய்மார்களுக்கு, பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் வாங்குவதும் அதே மாவட்ட அலகுதான். வருமானச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு அலைய முடியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். சபையில் படித்த வாலிபர்கள் இரண்டு பேர் ஒரு தாயோடு தாலுகா அலுவலகம் வரை போய்வந்தால் அந்த வேலை முடியும்.

இப்படிக்கு,
சபைப் பெண்கள் ஐக்கியத்தினர்,
பாளையங்கோட்டை.