குளிசைப் போத்தல் அக்காவிடம் இருக்கட்டும்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் சுகம். வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்தோம். அப்பாவின் பிரஷர் இப்போது பரவாயில்லை. கிணற்றுக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. பெரியம்மாவின் கடைக்குட்டிக்குப் பங்குனியில் கலியாணம். மாப்பிள்ளை உரும்பிராய்ப் பக்கம், நல்ல குடும்பம் என்கிறார்கள். மற்றச் செய்திகளை அக்கா சொல்லியிருப்பாள். இதற்காகவா அம்மா கடிதம் எழுதினார் என்று நினைப்பாய். தொலைபேசியில் நீ "ஒன்றுமில்லை அம்மா, சரி அம்மா" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்திருந்தார். அப்பா அவரிடம், "காலில் தகடு வைத்து ஆணி போட்டிருக்கிறார்கள், ஆனால் என் மகன் பனடோலைத் தவிர ஒரு குளிசையும் தொடவில்லை" என்று சொன்னார். உன்னைப் பற்றி அப்பா வாய்திறந்து பெருமைப்பட்டு எத்தனை காலம் என்று உனக்கே தெரியும். அந்த முகத்துக்கு முன்னால் மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. குசினிக்குள் போய்விட்டேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

அன்றிரவே அக்காவைக் கேட்டேன். வைத்தியர் எழுதிய துண்டை நீ மருந்தகத்துக்குக் கொண்டுபோகவே இல்லையாம். இரவில் நித்திரை இல்லையாம். சாப்பாடு பாதியில் திரும்பி வருகிறதாம். காலை அசைக்கச் சொல்லித் தந்த பயிற்சியையும் செய்வதில்லையாம். நீ ஒன்றும் எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லைதான். நான் நம்புகிறேன். உன் அறையைத் திறந்து பார்க்கும்படி அக்காவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் தம்பி, இப்படித் தாங்குவதைப் பார்த்து எனக்குப் பெருமை வரவில்லை, பயம்தான் வருகிறது. நான் எத்தனை வருடம் சத்திரசிகிச்சை விடுதியில் வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் மருந்துக்கும் தட்டுப்பாடு. ஊசி இருக்கும் நாளும் இல்லாத நாளும் வித்தியாசம் என்ன என்று விடுதிக்குள் காலடி வைத்ததுமே தெரியும். வலி கூடினால் மூச்சை ஆழமாக இழுக்கமாட்டார்கள், திரும்பிப் படுக்கமாட்டார்கள், எழுந்து நடக்கமாட்டார்கள். அதனால் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும். அன்று இல்லாதபடியால் தாங்கினார்கள். நீ இருக்கும் கனடாவில் மருந்து இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாய். நித்திரையில்லாமல், வலியோடு, தனியாக அறைக்குள் கிடக்கும் ஒருவனுக்கு எந்த யோசனை வரும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். இதற்கு மேல் நான் எழுதவில்லை.

உன் பயமும் எனக்குத் தெரியும். சும்மா பயப்படுகிறாய் என்று சொல்லமாட்டேன். முதல் முறை நீ வலிக் குளிசைக்கு அடிமையானதும் ஒரு வைத்தியரின் துண்டோடுதானே தொடங்கியது, களஞ்சியத்தில் முதுகு பிடித்தபோது. அதைச் சின்னமாமாவின் குடியோடு சேர்த்துக் கதைத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விடு. அதன்பிறகு இரவு வேலை முடித்து, அந்தப் பனிக்குள் பஸ் மாறி, அதை விட்டவர்கள் கூடும் உன் கூட்டங்களுக்குப் போனவன் நீ. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு பாடுபட்டு ஒன்றைச் சாதித்தவர் வேறு யார் என்று நான் அப்பாவிடமே கேட்டிருக்கிறேன். குளிசையை விட்டு எண்ணி வந்த அந்த நாட்கள் எல்லாம் ஒரு குளிசையில் அழிந்து, கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று நினைக்கிறாய் போலும். வைத்தியருக்கு எல்லாம் தெரிந்து, அவர் சொன்ன அளவை, சொன்ன நேரத்தில், அக்காவின் கையால் வாங்கி, வலிக்காக மட்டும் எடுத்தால் ஒன்றும் அழியாது. கூட்டத்தில் யாராவது வேறு மாதிரிச் சொன்னால், அவருடைய கணுக்காலில் தகடு இல்லை என்று எடுத்துக்கொள்.

எங்கள் விடுதியில் கடும் வலிக்குப் போடும் மோர்பினும் பெத்தடினும் தனி அலுமாரியில் பூட்டி இருக்கும். 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவை அபாயகர ஔடதங்கள். திறப்பு பொறுப்புத் தாதியிடம். ஒவ்வோர் ஊசிக்கும் நோயாளியின் பெயர், நேரம், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டு பேர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். மிச்சத்தை எண்ணித்தான் அடுத்த முறைக்காரரிடம் கொடுப்போம். எங்களைக் களவெடுப்பவர்கள் என்று நினைத்தா அப்படி வைத்தார்கள்? மருந்து அப்படிப்பட்டது. யாரையும் அதோடு தனியாக விடுவதில்லை. ஒரு நாளும் அதில் எனக்கு அவமானம் தோன்றவில்லை. ஆகவே மருந்தை வாங்கியதும் போத்தலை அக்காவிடம் கொடு. அவள் பூட்டி வைக்கட்டும், ஒரு கொப்பியில் எழுதட்டும், நேரத்துக்கு ஒன்றை எடுத்துத் தரட்டும். கொப்பியில் நீயும் கையொப்பம் இடு.

வியாழக்கிழமை வைத்தியரிடம் போகும்போது முழுவதையும் சொல். சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்துப் பெரியவருக்குச் சொல்கிறாய், பல் வைத்தியருக்குச் சொல்லியிருக்கிறாய், காலை வெட்டுகிறவருக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, நீ விழுந்ததே அக்கா சொல்லித்தான் தெரியும். சரி, அது போகட்டும். என்ன மருந்து, எத்தனை வருடம், எப்போது விட்டாய் என்று ஒன்றையும் மறைக்காமல் சொல். தெரிந்தால்தான் அவர் வேறு வழி பார்ப்பார்: பனடோலை நேரந்தவறாமல் கொடுப்பது, உன் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் சரிவந்தால் இபுபுரோஃபென் சேர்ப்பது. நரம்பை மரக்கச் செய்யும் ஊசி பொருந்துமா என்றும் கேள். வலி வந்த பிறகு பனடோலைத் தேடாதே. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நாளுக்கு எட்டைத் தாண்டாதே. படுக்கும்போது காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வை.

அதற்கு மேலும் வலித்தால், பெரிய குளிசை வேண்டும் என்று அவர் சொன்னால், மறுக்காதே. இரண்டு மூன்று நாளுக்குரியது மட்டும் எழுதித் தரச் சொல். வேண்டுமானால் திரும்பப் போகலாம். டைலினோல் 3 தந்தால் கவனம்: ஒரு குளிசையில் மோர்பின் இனத்து வலிமருந்தான கோடீன் 30 மில்லிகிராமோடு 300 மில்லிகிராம் பரசிற்றமோலும் இருக்கிறது. அங்கே அதை அசெற்றமினோஃபென் என்று எழுதுவார்கள். நம்முடைய பனடோலும் அதுதான். இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்காவிட்டால் ஈரல் பழுதாகும். போத்தலை அக்காவிடம் கொடு.

இதைத்தான் எழுத எனக்குக் கை நடுங்குகிறது. பழைய அளவை ஒருநாளும் எடுக்காதே. முன்பு உன் உடம்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. விட்டு வருடக்கணக்கில் இருந்த உடம்புக்கு அதே அளவு மூச்சையே நிறுத்திவிடும். நித்திரைக் குளிசையோ மதுவோ சேர்ந்தால் இன்னும் விரைவாக. அத்தான் வைத்திருக்கும் மதுப் போத்தல்களையும் பூட்டச் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. அளவு மிஞ்சி மூச்சு அடங்கினால் மீட்க மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருந்தை ஒன்ராறியோ மருந்தகங்களில் பணமில்லாமல் கொடுக்கிறார்கள். ஒன்றை வாங்கி வைத்து, எப்படிப் பாவிப்பது என்று கேட்டு வரும்படி அக்காவிடம் சொன்னேன். அடித்த பிறகும் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அது சற்று நேரம்தான் வேலை செய்யும் என்றும் சொல்லியிருக்கிறேன். உன்மேல் நம்பிக்கையில்லாமல் இதைச் செய்யவில்லை. அந்தக் குளிசை எந்த வீட்டுக்குள் வந்தாலும் அதுவும் கூடவே இருக்க வேண்டும்.

அடுத்த குளிசைக்கு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றினால் உடனே உன்னை நீயே திட்டாதே. வலி ஆறாத எவரும் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள், நான் விடுதியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்திலேயே அக்காவிடம் சொல், கூட்டத்துப் பெரியவருக்கு எடுத்துச் சொல். வலிக்குத்தான் என்றால் வைத்தியர் அளவைப் பார்ப்பார். கால் நோகவில்லை, மனம்தான் கேட்கிறது என்றாலும் சொல். எந்த நேரமானாலும் எனக்கும் எடு. அங்கே நடுச்சாமம் என்றால் இங்கே விடிந்து அடுப்படியில் நிற்பேன். அப்பாவின் காதில் விழாமல் வளவுக்குள் வந்து கதைப்பேன்.

நாள் முடிந்து குளிசை மிஞ்சினால் அக்கா மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுக்கட்டும். பிறகு தேவைப்படும் என்று ஒன்றைக்கூட வைக்க வேண்டாம்.

வியாழக்கிழமை வைத்தியர் என்ன சொன்னார் என்று நீயே எடுத்துச் சொல்ல வேண்டும். அக்கா சொல்லிக் கேட்க நான் விரும்பவில்லை.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கோடீன் எடுக்கும் நாட்களில் மலம் இறுகும். நிறையத் தண்ணீர் குடி, பழம் சாப்பிடு, மலமிளக்கி ஒன்றும் வைத்தியரிடம் கேள். சிறுவயதிலிருந்தே உனக்கு அந்தக் கரைச்சல் இருக்கிறது. பெரியம்மாவின் மருமகன் மாதக் கடைசியில் வருகிறார். பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொடுத்துவிடுகிறேன். போத்தல் அக்காவிடம்தான்.