ஆஸ்பிரினைப் பெரிய அளவில் சோதியுங்கள்: ஐ.சி.எம்.ஆருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு மருந்தாளுநர். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’, அதாவது கல்லீரலில் கொழுப்பு சேரும் நோயின் தொடக்க நிலை, என்றிருப்பதைக் காட்டி, “இதற்கு என்ன மாத்திரை?” என்று கேட்பவர்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அதுவே முதல் மருந்து. ஆனால் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் ஒருசேர உள்ள ஓர் அம்மாவால் அதை எத்தனை மாதம் கடைப்பிடிக்க முடியும்? 2021-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், மக்களில் 9 முதல் 32 சதவீதம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்கிறது.

2024 மார்ச் மாதத்தில் இரண்டு செய்திகள் வந்தன. கல்லீரலில் அழற்சியும் தழும்பும் ஏற்பட்டவர்களுக்கான ரெஸ்மெடிரோம் மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஓராண்டுக்கான விலை 47,000 டாலருக்கும் மேல். அதே மாதம் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் சிரோசிஸ் (தழும்பு முற்றிக் கல்லீரல் கெட்டுப்போகும் நிலை) வராத 80 ஃபேட்டி லிவர் நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதியினருக்குத் தினமும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறுபாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஆறு மாதத்தில் ஆஸ்பிரின் எடுத்தவர்களின் கல்லீரல் கொழுப்பு சராசரியாக 6.6 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது, மற்றவர்களுக்கு 3.6 புள்ளி கூடியிருந்தது. மாரடைப்பு வந்தவர்கள் இங்கே அன்றாடம் விழுங்கும் 75 மில்லிகிராம் மாத்திரையும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

80 பேர், ஆறு மாதம் என்பது மிகச் சிறிய சோதனை. கொழுப்பு குறைந்தால் தழும்பும் குறையுமா, சிரோசிஸ் தள்ளிப்போகுமா என்பதற்கு அதில் விடை இல்லை. வயிற்றில் இரத்தக்கசிவு என்ற ஆபத்தும் ஆஸ்பிரினோடு கூடவே வருகிறது. இதற்கெல்லாம் விடை காண ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். காப்புரிமை காலாவதியான, காசுக் கணக்கில் விற்கும் ஒரு மாத்திரைக்காக எந்த மருந்து நிறுவனம் அந்தச் செலவை ஏற்கும்? அரசுதான் ஏற்க வேண்டும்.

ஆஸ்பிரினே இதற்கு முன்னுதாரணம். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பயன்பட்ட மாத்திரை அது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 சோதனையில் மாரடைப்பு வந்த 17,187 பேர் பங்கேற்றார்கள். ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே இதய, இரத்தநாள மரணங்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அதன் பிறகே உலகெங்கும் அது மாரடைப்புச் சிகிச்சையில் நிலைபெற்றது. சில நூறு பேரோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்திருக்காது.

உங்கள் கவுன்சிலுக்கே இத்தகைய சோதனை புதிதல்ல. 1956-இல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மாத்திரை எடுத்த ஏழை நோயாளிகளையும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. நெரிசலான வீடு, போதாத சாப்பாடு. இருந்தும் வீட்டுச் சிகிச்சை சளைத்ததல்ல என்று 1959-இல் நிரூபித்தது. உலகக் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றிய முடிவு அது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உங்கள் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அன்று கையில் இருந்ததைவிடப் பல மடங்கு வசதி இன்று உங்களிடம் இருக்கிறது.

ஆகவே, சிரோசிஸ் இல்லாத கல்லீரல் கொழுப்பு நோயாளிகளிடம் குறைந்த அளவு ஆஸ்பிரினைச் பல மருத்துவமனைகளில் சோதிக்கும் ஆய்வு ஒன்றைப் பொதுப்பணத்தில் நடத்துங்கள். சர்க்கரை நோயாளிகளையும், உடல் பருமன் இல்லாமலே இந்நோய் வந்தவர்களையும் போதிய அளவில் சேருங்கள். தழும்பு, மாரடைப்பு, இரத்தக்கசிவு மூன்றையும் பல ஆண்டுகள் கணக்கெடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் முழுமையாக வெளியிடுங்கள்.

இன்னொன்றும் அவசரமாகத் தேவை. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சீட்டில்லாமல் ஆஸ்பிரின் கேட்டு வருகிறவர்கள் உண்டு. வயிற்றுப்புண்ணோ சிரோசிஸோ இருப்பவர் தானாக எடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் இதற்காக ஆஸ்பிரின் எடுக்கக் கூடாது என்று, ஆய்வு முடியும்வரை காத்திராமல், எல்லா மொழிகளிலும் இப்போதே ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். என் கடைக் கண்ணாடியில் அதை ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்