ஒளிப்படப் போட்டி நடுவர்களுக்கு: அந்த நிறங்களை நான் பூசவில்லை

மதிப்புக்குரிய நடுவர் குழுவினருக்கு, வணக்கம்.

மைக்ராஸ்கோப்பில் எடுத்த என் விண்கல் படத்தைத் தள்ளிவிட்டீர்கள். அதில் வருத்தமில்லை, இடது ஓரம் கொஞ்சம் மங்கல்தான், எனக்கே தெரியும். ஆனால் "செயற்கையாக நிறம் சேர்க்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினீர்களே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. மூலக் கோப்புகளை அனுப்பி இரண்டு முறை கேட்டும் பதில் வராததால், இப்படி எல்லோர் முன்னாலும் எழுத வேண்டியதாகிவிட்டது.

1969இல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே விண்கல்லின் சீவல் அது. 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்தது. வெறும் வெளிச்சத்தில் அதிலுள்ள ஆலிவின் என்ற கனிமத்துக்கு நிறமே கிடையாது. ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய இரண்டு போலரைசர்களுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகள்) நடுவே வைத்தால்தான் நீலமும் ஊதாவும் ஆரஞ்சும் எழும்பி வரும். படிகத்துக்குள் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒன்று முந்தி ஒன்று பிந்தி வந்து சேர்வதால் உண்டாகும் நிறம். எந்தத் தடிமனுக்கு எந்த நிறம் என்று பிரெஞ்சு நிலவியலாளர் மிஷெல்-லெவி 1888இலேயே அட்டவணை போட்டுவிட்டார்.

என் மைக்ராஸ்கோப்பின் வட்ட மேடையில் சீவலை நகர்த்தத் திருகு கிடையாது, விரல் நுனிதான். அரை மில்லிமீட்டர் தள்ளு, மூச்சைப் பிடி, ஒரு படம் எடு. இப்படி 84 படங்கள், எல்லாவற்றையும் ஒட்டித்தான் அந்த ஒரு படம். நடுவில் சீவல் ஒரு பாகை திரும்பிவிட்டால் போதும், பக்கத்துப் படத்தோடு வெளிச்சம் ஒட்டாது, தையல் போட்ட மாதிரி தெரியும். முதல் நாள் இரவு 61ஆவது படத்தில் கை தட்டிவிட்டது. மறுநாள் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். நிறம் பூசுவதுதான் நோக்கமென்றால் இந்தப் பாடு எதற்கு?

படத்தின் நடுவில் கோடு கோடாக ஓர் உருண்டை இருக்கிறதே, அது சூரிய மண்டலம் பிறந்த காலத்தில் உருகி உறைந்த துளி, காண்ட்ரூல் என்பார்கள். அந்தக் கோடுகளெல்லாம் ஒரே படிகத்தின் பாகங்கள். அதனால் மேடையை 45 பாகை திருப்பினால் அத்தனையும் ஒரே நேரத்தில் அணைந்துபோகும், இன்னும் 45 திருப்பினால் மறுபடி எரியும். இரண்டு நிலையையும் எடுத்து அனுப்பியிருந்தேன். திறந்து பார்த்தீர்களா?

இதில் வேடிக்கை, நீங்கள் பரிசு கொடுத்த நெபுலா படம், அதாவது விண்வெளி வாயு மேகத்தின் படம். ஹைட்ரஜனின் சிவப்பைப் பச்சையாக மாற்றிக் காட்டுவது அந்த வகைப் படங்களில் சகஜம். அழகான படம்தான், மறுக்கவில்லை. தொலைநோக்கி என்றால் கலை, மைக்ராஸ்கோப் என்றால் கள்ளத்தனமா?

சரி, அடுத்தவர் பரிசைப் பற்றி நான் பேசக்கூடாது, மன்னிக்கவும். எனக்குப் பரிசு வேண்டாம். "செயற்கை நிறம்" என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுங்கள். அடுத்த முறை கனிமங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகிய ஒருவரையாவது குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை சந்தேகமிருந்தால் சொல்லுங்கள், சீவலைக் கொண்டு வருகிறேன். மேடையை நீங்களே திருப்பிப் பார்க்கலாம். விளிம்பை மட்டும் பிடியுங்கள், கைரேகை விழுந்தால் துடைப்பது பெரும்பாடு.

அன்புடன்,
அந்த 84 படங்களை எடுத்தவன்