விருந்துக்கு மறுநாள் பட்டினி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருந்து சாப்பிட்ட மறுநாள் முழுக்கக் காய்ச் சாறு மட்டும் குடித்து உடம்பைச் சுத்தம் செய்யலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு குறிப்பு வந்திருந்தது. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் இதே யோசனையை வேறெங்கோ படித்துவிட்டுப் போன வருடம் என் வீட்டுக்காரர் செய்து பார்த்தார். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணன் மகன் கல்யாணம். இரண்டு நாளும் வேளைக்கு வேளை நெய்யும் எண்ணெயும் இனிப்புமாகச் சாப்பாடு. அவருக்கு 62 வயது, சர்க்கரைக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர். அவர் முதலில் வீடு திரும்பிவிட்டார். மிச்ச வேலைகளுக்காக நான் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கினேன். காலையில் போன் செய்து, “வயிறு கல்லு மாதிரி இருக்கு, இன்னைக்கு வெள்ளரிக்காய்ச் சாறு மட்டும் போதும்” என்றார். சரி, வயிற்றுக்கு ஓய்வுதானே என்று நானும் விட்டுவிட்டேன். 31 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

வழக்கம் போல ஏழரை மணிக்கு மாத்திரையைப் போட்டிருக்கிறார். பதினோரு மணிக்கு நான் உள்ளே நுழையும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றப் பார்க்கிறார், விரல் நடுங்குகிறது, பிடிபடவில்லை. நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொல்கிறார். விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன், 54. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 82. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

காரணம் எளிமையானது. கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. சாப்பாடு உள்ளே போகாவிட்டால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வீட்டில் யாரும் இல்லாமல் மயக்கம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் சரியில்லை. சாப்பாட்டை மாற்றப் போகிறோம் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. உடம்பைச் ‘சுத்தம் செய்ய’ வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. விருந்துக்குப் பிறகு வயிறு கனப்பதற்குக் காரணம் கொழுப்பு. அது இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்ட பொரியலும் இனிப்பும் படுக்கும்போது இன்னும் அங்கேயே இருக்கும், அதனால்தான் நெஞ்செரிச்சல். மறுநாள் எடை மெஷினில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தால் பதறிப்போய்ப் பட்டினி கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு விருந்தில் அவ்வளவு சேராது. ஏறியதில் பெரும்பங்கு, உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். மோதிரம் இறுகுவதும் அதனால்தான். இரண்டு மூன்று நாளில் தானாகவே போய்விடும்.

சரி, அப்படியானால் என்ன சாப்பிடுவது? பசிக்கும் வரை காத்திருந்து சாப்பிடலாம், ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் நேரம் தவறக் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது விருந்துக்கு மறுநாள் கஞ்சிதான். அரைக் கோப்பை அரிசி, அரைக் கோப்பை பாசிப்பருப்பு, ஏழு கோப்பை தண்ணீர். தணலைக் குறைத்து, அரிசி மலர்ந்து பருப்பு கரைந்து கரண்டியில் கெட்டியாக வழியும் வரை விடுவேன். தட்டிய இஞ்சி கொஞ்சம், உப்பு வழக்கத்தில் பாதி. வெறும் அரிசிக் கஞ்சி குழையக் குழையச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும், பருப்பு சேர்ந்தால் அந்த வேகம் குறையும். அதனால்தான் சரிபாதி. மதியம் வேகவைத்த காய் ஒன்றும், கொஞ்சம் சோறும், தயிரும். பழத்தைச் சாறு பிழியாமல் கடித்துத் தின்னலாம். பிழிந்தால் நார் போய்விடும், மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே டம்ளரில் சேர்ந்துவிடும். சாப்பிட்டதும் படுக்காமல் பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்தால்கூடப் போதும். முதல் தடவை இந்தக் கஞ்சியைக் கொடுத்தபோது “நோயாளிச் சாப்பாடு” என்று முகம் சுளித்தவர், இப்போது அவராகவே கேட்கிறார்.

எல்லா வயிற்று வலியையும் விருந்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. விலாவுக்குக் கீழே வலப்பக்கம் பிடித்து, வலி தோள்பட்டைக்குப் போனால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். கொழுப்பான சாப்பாடு பித்தப்பையைச் சுருங்கச் செய்யும்போது அது தலைகாட்டலாம். மேல்வயிற்று வலி முதுகுக்கு ஊடுருவி வாந்தியும் நிற்கவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. நெஞ்சு இறுக்கத்தோடு வியர்த்து, கையோ தாடையோ வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், வாயு என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துவிட்டுத் தாமதமாக வந்தவர்களை வார்டில் நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பத்திரிகையைக் காலையில் காப்பியோடு படிக்கிறவர்களில் என் வீட்டுக்காரரைப் போல மாத்திரை டப்பாவும் கையுமாக இருப்பவர்கள் நிறைய. அச்சில் வந்துவிட்டால் நம்பி அப்படியே செய்வார்கள். அடுத்த ஞாயிறு இணைப்பில், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சாறு நோன்பை மேற்கொள்ள வேண்டாம் என்று இரண்டு வரி போடுங்கள். முடிந்தால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி